கரிசல் மண்ணில் ஆவாரை: சுவரோரம் வரிசையாக வைக்க என்ன செய்யணும்?

கள்ளிக்குடி_வாசல்:

வணக்கம். திருமங்கலத்துக்குத் தெற்கே, கள்ளிக்குடிப் பக்கம் வீடு. முன்பக்கச் சுவரை ஒட்டி 20 அடி நீளம், 4 அடி அகலத்தில் மண் சும்மா கிடக்கிறது. மேற்குப் பார்த்த இடம், மதியத்திலிருந்து பொழுது சாயும்வரை வெயில் நேராக விழும். மண் சுத்தக் கரிசல். சித்திரையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும், ஐப்பசியில் கால் வைத்தால் புதையும். போர் தண்ணீர் உப்பு, டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 1,500-க்கு மேல் காட்டுகிறது.

தினமும் தண்ணீர் கேட்கிற செடி வேண்டாம். நம் ஊர்க் காட்டில் தானாக வளர்வதுதான் வேண்டும் என்று ஆவாரையை முடிவு செய்திருக்கிறோம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்:

விதை போட்டால் பத்துக்கு ஒன்று முளைப்பதே அரிது என்கிறார்களே, ஏன்? இந்த இடத்துக்கு எத்தனை செடி வைக்கலாம்? கரிசலில் மழைக்காலத்தில் அழுகாமல் எப்படிக் காப்பாற்றுவது? பொங்கல் காப்புக்கட்டுக்கு வீட்டுச் செடியிலேயே பூப் பறிக்கிற மாதிரி கவாத்தை அமைத்துக்கொள்ள முடியுமா?

உசிலை_விதைப்பெட்டி:

விதைக் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

ஆவாரை விதையின் மேல்தோல் தண்ணீரை உள்ளே விடாது. விதைக்கு உயிர் இருக்கும், ஆனால் ஊறாது. ஊறாத விதை மண்ணில் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். காட்டில் வெயிலும் மண் உராய்வும் அந்தத் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு மழைக்கும் சில விதைகளைத் திறந்துவிடும். வறண்ட சீமைச் செடிக்கு அது பாதுகாப்பு, எல்லா விதையும் ஒரே மழையை நம்பி முளைத்துச் சாகாது. தோட்டத்தில் நாம்தான் திறந்துவிட வேண்டும்.

நெற்று எடுப்பது மாசி, பங்குனியில். காய் தட்டையாக, காகிதம் போல மெல்லிசாக இருக்கும். பழுப்பேறி, ஆட்டினால் உள்ளே கலகலவென்று சத்தம் வருகிற நெற்றாகப் பாருங்கள். சாலையோரச் செடிகளில் எடுத்தாலே போதும், ஒரு கைப்பிடி நெற்றில் தேவைக்கு மேல் விதை இருக்கும். காப்புக்காட்டுக்குள் போக வேண்டாம். அரிட்டாபட்டி மலைப்பக்கம் 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், அங்கேயும் கை வைக்க வேண்டாம்.

விதையை உதிர்த்ததும் முதலில் ஓட்டை பாருங்கள். ஊசி முனை அளவுக்கு வட்ட ஓட்டை இருந்தால் வண்டு தின்றுவிட்டது என்று அர்த்தம். இந்த வண்டு வயலிலேயே காய்க்குள் முட்டை வைத்துவிடும். டப்பாவில் அடைத்த பிறகும் வெளியே வந்து மற்ற விதைகளையும் கெடுக்கும். அதனால் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைத்து, தண்ணீரில் போட்டு மிதக்கிறதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை மறுபடி காயவைத்துக் காற்றுப் புகாத பாட்டிலில் போடுங்கள்.

விதைக்கும்போது:

தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, அதில் விதையைப் போடுங்கள். விதை ஒரு பங்கு என்றால் தண்ணீர் பத்துப் பங்கு. அடுப்பில் வைத்தே விதையைக் கொதிக்கவிட்டால் முளைக்கரு வெந்துவிடும். ஆறின தண்ணீரிலேயே இரவு முழுக்க ஊறட்டும். காலையில் பார்த்தால் ஊறின விதை உப்பி, பழைய அளவைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு ஆகியிருக்கும். உப்பாததைத் தனியே எடுத்து நகவெட்டியால் தோலை இத்தனூண்டு கிள்ளி மறுபடி ஊறவையுங்கள். விதையில் சின்னக் குழி போல ஒரு கண் இருக்கும், முளை அந்தப் பக்கம்தான். கிள்ளுவது அதற்கு எதிர்ப்பக்கம். இருபது, முப்பது விதைதான் என்றால் வெந்நீரே வேண்டாம். உப்புத்தாளில் தேய்த்துப் பளபளப்பை எடுத்துவிட்டு ஊறவைத்தாலே போதும்.

ஊறின விதையை அன்றைக்கே ஊன்ற வேண்டும், ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம். ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்குள் முளைக்கும். நாற்றுப் பையில் வளர்ப்பதானால் கலவை செம்மண் 2, ஆற்றுமணல் அல்லது எம்-சாண்ட் 1, மக்கிய சாணம் அரைப் பங்கு. தென்னைநார்க் கழிவு சேர்த்தால் ஈரம் அதிகம் நிற்கும், நாற்று கழுத்தில் அழுகும். பருப்புக் குடும்பத்துச் செடி என்று ரைசோபியம் (வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்க்கும் நுண்ணுயிர்) வாங்கிக் கலப்பவர்கள் உண்டு, தேவையில்லை. ஆவாரை வேரில் முடிச்சுப் போடுகிற செடி அல்ல.

பேரையூர்க்_கரிசல்:

மண் விஷயத்தில் இதை முதலில் மனதில் வையுங்கள்: ஆவாரை வறட்சியில் சாவது அபூர்வம், வேரில் தண்ணீர் தேங்கித்தான் சாகும்.

கரிசலில் பலரும் செய்வது, இரண்டடிக்கு இரண்டடி குழி வெட்டி அதில் செம்மண்ணும் மணலும் நிரப்பி நடுவது. பார்க்க நல்ல யோசனை மாதிரித் தெரியும். மழை பெய்ததும் சுற்றியுள்ள கரிசல் உப்பி இறுகிவிடும், நடுவில் மணல் இருக்கிற குழிக்குள் தண்ணீர் இறங்கும், வெளியேற வழி இருக்காது. குழி தண்ணீர்த் தொட்டியாகிவிடும். கார்த்திகையில் இலை மஞ்சளாகிக் கொட்டும். ‘தண்ணி பத்தலை போல’ என்று மேலும் ஊற்றுவார்கள். மார்கழியில் செடி கையோடு வந்துவிடும்.

குழியே வேண்டாம், மேடு போடுங்கள்.

20 அடி நீளத்துக்கும் ஒரே வரப்பாக, அடிப்பக்க அகலம் இரண்டரை அடி, உயரம் ஒரு அடி. சுவரை ஒட்டி மண் ஏற்றாதீர்கள், முக்கால் அடி இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் சுவரில் ஓதம் ஏறும். முதலில் இடத்தைக் கடப்பாரையால் முக்கால் அடி ஆழம் கிளறிவிடுங்கள், வெட்டி எடுக்க வேண்டாம். 2 கிலோ ஜிப்சம் தூவிக் கொத்துங்கள். உப்புத் தண்ணீர் பாய்கிற கரிசல் நாளடைவில் இறுகித் தண்ணீர் இறங்காமல் போகும், ஜிப்சம் அதைத் தளர்த்தும். அதன்மேல் அந்த இடத்துக் கரிசல் இரண்டு பங்கு, சரளை மண் இரண்டு பங்கு, பழைய சாணம் அரைப் பங்கு கலந்து மேடு கட்டுங்கள். சரளை 25 கன அடி, அதாவது கால் யூனிட் போதும். வெளியிலிருந்து வந்த மண்ணையும் உள்மண்ணையும் கலப்பதுதான் முக்கியம். இரண்டும் தனித்தனி அடுக்காக நின்றால் வேர் அந்த எல்லையிலேயே திரும்பிவிடும்.

வீடு கட்டின சிமென்ட், சுண்ணாம்புக் கழிவு மண்ணில் இருந்தால் பெரிய கட்டியை மட்டும் பொறுக்குங்கள். சுண்ணாம்புச் சத்து மிஞ்சின மண் ஆவாரைக்குப் பழக்கம்தான்.

செடிக்குச் செடி மூன்றடி. இரண்டு முனையிலும் ஒவ்வோர் அடி விட்டால் ஏழு செடி வரும். நெருக்கமாக வேலி வேண்டுமென்று ஒன்றரை அடியில் நடாதீர்கள். அடிக்கிளைகளுக்கு வெயில் கிடைக்காமல் உள்ளே காய்ந்து, மேலே மட்டும் குடை மாதிரி நிற்கும்.

மேட்டின் மேல் இரண்டு அங்குலம் ஜல்லித்தூள் அல்லது சின்னச் சரளை பரப்புங்கள். கரிசல் வெடிக்கும்போது சன்னமான வேர்கள் அறுந்துபோகும். மூடாக்கு இருந்தால் மேல்மண் அவ்வளவு வேகமாகக் காயாது, வெடிப்பும் குறையும். தண்டை ஒட்டி நாலு விரல் இடம் மட்டும் வெறுமையாக இருக்கட்டும்.

அழகர்கோவில்_ரோடு:

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் பையில் நாற்று வளர்ப்பது எனக்கு உடன்பாடில்லை. ஆவாரையின் பலமே ஆணிவேர். செடி ஒரு சாண் இருக்கும்போது வேர் அதைவிட நீளமாக இருக்கும். பையின் அடியைத் தொட்டதும் அது சுருண்டுவிடும், பிறகு எத்தனை வருடமானாலும் நேராகாது. அப்படிப்பட்ட செடி முதல் கோடையில் வாடும், ஆடிக் காற்றுக்குச் சாயும். மேட்டைக் கட்டிவிட்டு, புரட்டாசிக் கடைசியில் இரண்டு நல்ல மழை விழுந்ததும் ஓர் இடத்துக்கு மூன்று ஊறின விதையாக நேரடியாக ஊன்றி, மேலே மண்ணுக்குப் பதில் மணல் மூடுங்கள். கரிசல் மூடினால் காய்ந்து ஓடு கட்டி முளையை அமுக்கிவிடும். நாலு இலை வந்ததும் நல்லதாக ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் ஆடும்.

பேரையூர்க்_கரிசல்:

செம்மண்ணில் நீங்கள் சொல்வதுதான் சிறந்த வழி, மறுக்கவில்லை. கரிசலில் ஐப்பசி அடைமழை நாலு நாள் தொடர்ந்தால், மேடாகவே இருந்தாலும், இரண்டிலை நாற்று கழுத்து அழுகி விழுந்துவிடும். நத்தை வேறு வரும். அதற்காகத்தான் பை. ஆனால் பையில் அதிக நாள் வைக்கக்கூடாது: ஆடிக் கடைசியில் விதைத்து ஐப்பசி முதல் வாரத்தில் நட்டுவிட வேண்டும். பை 9 அங்குல உயரத்துக்குக் குறையக்கூடாது. முக்கால் அடி நாற்றே போதும். நர்சரியில் மூன்றடிச் செடி இருக்கிறதென்று வாங்காதீர்கள். பையைத் தூக்கி அடியைப் பார்த்தால் ஓட்டை வழியாக வேர் வெளியே தடிப்பாக நிற்கும், அது தேறாது. நடும்போது பையைப் பிளேடால் கீறி எடுங்கள், மண்கட்டி உடையக்கூடாது. அடியில் வேர் நுனி சுருண்டிருந்தால் அந்த நுனியை மட்டும் வெட்டிவிடுங்கள்.

ஏழு இடத்தில் நாலில் நாற்று, மூன்றில் நேர் விதைப்பு என்று வைத்தாலும் நல்லதுதான்.

கள்ளிக்குடி_வாசல்:

மிக்க நன்றி, மேடு யோசனை பிடித்திருக்கிறது. இன்னும் மூன்று சந்தேகம்.

நர்சரியில் ஆவாரை என்று ஒரு செடியைக் காட்டினார்கள். இலைக்காம்பில் நாலைந்து ஜோடிச் சிற்றிலைதான், நுனி கூர்மை, கசக்கினால் ஒரு மாதிரி நாறுகிறது. இதுதானா?

தண்ணீர்க் கணக்கு எப்படி? வீட்டில் ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும், ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் இருக்கின்றன. அவற்றை விடலாமா?

பக்கத்துத் தெருவில் ஒரு செடியை ஒரே வாரத்தில் பச்சைப் புழு மொட்டையடித்துவிட்டது. மருந்து ஏதாவது?

உசிலை_விதைப்பெட்டி:

அது ஆவாரை இல்லை, பேயாவாரை. பொன்னாவாரை என்றும் சொல்வார்கள். மழைக்காலத்தில் குப்பைமேட்டில் எல்லாம் முளைக்கும். அதன் விதை நஞ்சு, சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுவாசலில் கட்டாயம் வேண்டாம்.

ஆவாரைக்கு அடையாளம்: ஓர் இலையில் எட்டு முதல் பன்னிரண்டு ஜோடிச் சிற்றிலை, நுனி மழுங்கி ஒரு சின்ன முள் போன்ற முனை மட்டும் இருக்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் நின்றபடி ஒரு சுரப்பி தெரியும். பேயாவாரையில் காம்பின் அடியில் ஒன்றே ஒன்றுதான். ஆவாரையில் இலைக்காம்பு தண்டில் சேருமிடத்தில் காது மடல் போல அகலமான செதில் இரண்டு பக்கமும் இருக்கும். இந்தக் காது மடலைப் பார்த்தாலே போதும், பூக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அந்தச் சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும், எறும்பு ஓடிக்கொண்டிருக்கும். அதற்காக எறும்புப் பொடி போட வேண்டாம். கொழுந்தில் வெள்ளையாக மாவுப்பூச்சியும் சேர்ந்திருந்தால் மட்டும் கவனியுங்கள், பைப்புத் தண்ணீரை வேகமாக அடித்தாலே பெரும்பாலும் போய்விடும்.

பேரையூர்க்_கரிசல்:

தண்ணீர்:

நட்ட அன்று செடிக்கு 5 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் மழை இருந்தால் ஒன்றும் வேண்டாம்; ஐந்து நாள் தொடர்ந்து காய்ந்தால் 3 லிட்டர். தை முதல் பங்குனி வரை பத்து நாளைக்கு ஒரு முறை 8 லிட்டர். முதல் கோடையில், சித்திரை வைகாசியில், வாரம் ஒரு முறை 10 லிட்டர். வேர் இன்னும் மேட்டைத் தாண்டி ஆழத்துக்கு முழுதாக இறங்கியிருக்காது, அதனால் இந்த ஒரு கோடை மட்டும் விட்டுவிடக்கூடாது. இரண்டாம் மழைக்காலம் தாண்டியபின் நிறுத்திவிடலாம். மதுரைப் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை, ஆவாரைக்கு அது தாராளம். ஒன்றரை மாதம் துளி மழையில்லாமல் காலையிலும் இலை மடங்கியே இருந்தால் ஒரு முறை ஊற்றுங்கள். மதியம் மடங்குவதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், வெயிலுக்கு அது மடங்கத்தான் செய்யும்.

உப்புத் தண்ணீரைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் உப்பு மேல் நாலு அங்குலத்திலேயே தங்கி, இலை ஓரம் கருகும். அரிதாக, ஆழமாக விட்டால் உப்பு கீழே தள்ளப்படும். ஐப்பசி மழை மிச்சத்தைக் கழுவிவிடும். மேடு போட்டிருப்பதால் அந்தத் தண்ணீர் வடியவும் வழி இருக்கிறது. ஆர்.ஓ. கழிவில் உங்கள் போர் தண்ணீரைவிட உப்பு அதிகம், விடவே விடாதீர்கள். ஏ.சி. தண்ணீரில் உப்பே கிடையாது. அதைக் குடத்தில் பிடித்து வைத்து முறை வரும்போது ஊற்றுங்கள், குழாயைச் செடியடியில் போட்டுச் சொட்டவிடாதீர்கள். எந்நேரமும் ஈரமாக இருக்கிற கழுத்து அழுகத்தான் செய்யும்.

உரம் எதுவும் வேண்டாம். யூரியா, டி.ஏ.பி. போட்டால் இலை செழிக்கும், பூ குறையும், கிளை தொங்கும். வேண்டுமானால் ஆவணியில் செடிக்கு ஒரு கிலோ பழைய சாணம்.

பசுமலை_வண்ணத்துப்பூச்சி:

புழுக் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் விரிவாகவே.

அந்தப் பச்சைப் புழு பட்டாம்பூச்சியின் பிள்ளை. எமிகிரன்ட் எனப்படும் வெளிர்மஞ்சள், பச்சை கலந்த வெள்ளைப் பட்டாம்பூச்சிகளும், சின்னதாக எலுமிச்சை மஞ்சளில் புல்லோரம் பறப்பவையும் ஆவாரை இனத்துச் செடிகளில் முட்டை வைக்கும். கொழுந்து இலையில் ஒவ்வொன்றாக, கதிர் போல நிமிர்ந்து நிற்கிற வெள்ளை முட்டையைப் பார்க்கலாம். புழு பச்சை, பக்கவாட்டில் வெளுத்த கோடு ஓடும். இரண்டு அடிக்கு மேல் வளர்ந்த செடி மொட்டையானாலும் வேர் பலத்தில் மூன்று வாரத்துக்குள் மறுபடி தழைத்துவிடும். செடிக்கு இது பழகின விஷயம்.

ஒரு அடிக்குக் கீழே இருக்கிற நாற்றுக்கு மட்டும் ஆபத்து, திரும்பத் தழைக்கச் சேமிப்பு கிடையாது. அதற்கும் மருந்து வேண்டாம்: பைகளின் மேல் கொசுவலையைக் கூடாரம் போலக் கட்டினால் பட்டாம்பூச்சி முட்டை வைக்காது. நட்டபின் காலையில் இலையின் அடிப்புறம் பார்த்துப் புழுவை எடுத்துப் பெரிய செடியிலோ வெளியில் இருக்கும் கொன்றையிலோ விடுங்கள். வேப்பெண்ணெய் அடித்தால் புழு சாகும், ஆனால் வாசலில் ஆவாரை வைப்பதன் பாதிப் பயனும் அதோடு போகும்.

பூவைப் பற்றியும் ஒன்று. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். பத்துக் கேசரங்களில் மேலே இருக்கிற மூன்று மலட்டுக் கேசரம். மற்றவற்றின் பை நுனியில் சின்னத் துளை இருக்கும், அது வழியாகத்தான் பொடி வெளியே வரும். பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கிற வண்டால்தான் அதை உதிர்க்க முடியும். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் பெரிய கருவண்டு அதைச் செய்யும். வீட்டுத் தேனீயால் முடியாது. பூ நிறைய, காயே பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் காரணம் பக்கத்தில் கருவண்டு இல்லாததுதான். காய்ந்த மூங்கில் இரண்டு மூன்றை மழை படாமல் சன்ஷேடுக்கு அடியில் கட்டி வையுங்கள், குடியேற வாய்ப்பு உண்டு. கொட்டிவிடும் என்று பயந்து துரத்த வேண்டாம், பிடித்து அமுக்கினால் தவிரக் கொட்டாது.

அழகர்கோவில்_ரோடு:

கவாத்துக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

ஆவாரை புதுக்கிளையின் நுனியில்தான் கொத்தாகப் பூக்கும். எத்தனை புதுக்கிளை இருக்கிறதோ அத்தனை கொத்து. ஆகவே செடி ஒரு அடி வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், வரும் கிளைகள் அரை அடி வந்ததும் அவற்றையும் ஒரு முறை. அடியிலிருந்து ஏழெட்டுக் கிளை கிடைக்கும்.

இந்த ஐப்பசியில் நட்டால் வருகிற தையில் பூ இருக்காது. அடுத்த வருடப் பொங்கலுக்கு இப்படிச் செய்யலாம்: ஆவணி நடுவில் ஒவ்வொரு கிளையையும் மூன்றில் ஒரு பங்கு வெட்டுங்கள். புரட்டாசித் தூறலில் துளிர்த்து, ஐப்பசி மழையில் வளர்ந்து, கார்த்திகைக் கடைசியிலிருந்து அரும்பு வரும். ஏழு செடியையும் ஒரே நாளில் வெட்டாமல், நாலை ஆவணி நடுவிலும் மூன்றைப் புரட்டாசி முதல் வாரத்திலும் வெட்டினால் மழை முன்பின் ஆனாலும் போகியன்று ஏதாவது ஒன்றில் பூ இருக்கும். ஐப்பசிக்குப் பிறகு கத்தரி எடுக்காதீர்கள், அந்த வருடப் பூவையே வெட்டிவிடுவீர்கள். சித்திரை வெயிலிலும் வேண்டாம். நிழல் போனதும் பட்டை வெந்து பிளக்கும், கறையான் உள்ளே போகும்.

மூன்று நாலு வருடத்தில் அடி மரமாகிக் கிளை நுனியில் மட்டும் இலை நிற்கும். அப்போது ஆவணியில் தரையிலிருந்து ஒரு அடி விட்டு முழுக்க வெட்டிவிடலாம், தூரிலிருந்து புதிதாகக் கிளம்பும். தோல் பதனிடப் பட்டை எடுத்த காலத்தில் இந்தச் செடியைத் திரும்பத் திரும்ப வெட்டித்தான் எடுத்தார்கள், அதற்கு ஈடுகொடுக்கிற செடி. ஒரே வருடத்தில் ஏழையும் மொட்டையடிக்காமல் ஒன்றுவிட்டு ஒன்றாகச் செய்யுங்கள், வாசல் வெறிச்சென்று ஆகாது.

உசிலை_விதைப்பெட்டி:

காப்புக்கட்டுக்குத்தான் என்றால் மேட்டின் சரிவில் கண்ணுப்பீளையும் விட்டுவிடுங்கள். அதன் விதைக்கு வெந்நீர் எல்லாம் வேண்டாம். முற்றின வெள்ளைக் கதிரை உருவி ஐப்பசி ஈரத்தில் தூவி, மண் மூடாமல் கையால் அமுக்கினாலே போதும். ஆவாரைக்குப் போட்டியாக வராது, மேட்டு மண் மழையில் கரையாமலும் பிடித்துக்கொள்ளும். கோடையில் காய்ந்துபோனால் பிடுங்காமல் அப்படியே விடுங்கள், விழுந்த விதை அடுத்த மழைக்குத் தானாக முளைக்கும். களையெடுக்க ஆள் விட்டால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், களையென்று முதலில் அதைத்தான் பிடுங்குவார்கள்.